ஆவடியில் முக்கால் விநாடி

ஆவடிக்குக் கீழே பூமியின் மேலோடு எத்தனை கிலோமீட்டர் தடிமன்? நான் புவி இயற்பியல் படித்தவள், முப்பதாண்டுகளாக அதையே தொழிலாகக் கொண்டவள். இருந்தும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு காலத்தில் இருப்பதாக நினைத்திருந்தேன்.

களப்பணிக்குப் போகும் மாணவர்கள் சிலர், சென்னையின் மேற்குப் பகுதியில் கருவி வைக்கும் அனுபவத்தை எழுதச் சொல்லிக் கேட்டார்கள். அதனால் 1994 நவம்பரில், ஒரு சனிக்கிழமை நான் போய்வந்த பயணத்தை எழுதுகிறேன். நேரங்களும் செலவும் அன்றைய நாட்குறிப்பில் இருப்பவை. கட்டணங்களை இன்று யாரும் நம்ப வேண்டாம்.

பின்னணி சுருக்கமாக. தொலைதூர நிலநடுக்கங்களின் அலைகள் பூமிக்குள் பயணம் செய்து வந்து சேரும் நேரத்தை இரண்டு இடங்களில் அளந்துகொண்டிருந்தேன். ஒன்று திருமழிசை, மற்றது ஆவடி. நேர்க்கோட்டில் எட்டு கிலோமீட்டர்தான் இடைவெளி. எதிர்பார்க்க வேண்டியதைவிட ஏறக்குறைய முக்கால் விநாடி முன்னதாகவே அலை ஆவடிக்கு வந்தது. கனமான பாறையில் அலை வேகமாகப் போகும். அப்படியானால் ஆவடிக்கு அடியில் அத்தகைய பாறை மேலெழும்பி இருக்க வேண்டும், மேலோடு அங்கே மெலிந்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டு வேலை ஒரு கட்டுரையாகி ஆய்விதழுக்குப் போயிருந்தது. அதைப் பரிசீலித்தவர் ஒரே வரி எழுதியிருந்தார்: எட்டு கிலோமீட்டருக்குள் இவ்வளவு வேறுபாடு நம்பும்படி இல்லை, ஆவடிக் கடிகாரத்தைச் சரிபார்க்கவும். எனக்குக் கோபம் வந்தது. அவர் தவறு என்று காட்டத்தான் கிளம்பினேன்.

காலை 7.10க்கு கிண்டியில் பேருந்து ஏறினேன். பூந்தமல்லி பதினாறு கிலோமீட்டர், ஐம்பத்தைந்து நிமிடம். மழை மூன்று நாளாக விடவில்லை. அங்கிருந்து வேறு பேருந்தில் திருமழிசை, ஐந்து கிலோமீட்டர். தொழிற்பேட்டைக்குப் பின்னால், வயலோரத்தில், பயன்படாத ஒரு மோட்டார் அறையில் எங்கள் கருவி இருந்தது. கணுக்கால் வரை சேறு. தில்லியிலிருந்து சிற்றலையில் விநாடிக்கு விநாடி வரும் நேர ஒலியைக் கையோடு கொண்டுபோன ரேடியோவில் பிடித்து, கடிகாரத்தோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. பாதி நிம்மதி.

பூந்தமல்லியை ஒட்டிய குமணன்சாவடிக்குத் திரும்பும்போது 10.25. சந்திப்பில் தண்ணீர் தேங்கி, ஆவடிப் பேருந்துகள் நகராமல் நின்றன. ஓர் ஆட்டோக்காரர் அறுபது கேட்டு ஐம்பதுக்கு ஒப்புக்கொண்டார்.

“பொட்டில இன்னா மேடம், பத்தரமா மடியில வெச்சுகினு கீறீங்க?”

“ரேடியோ. சரியான நேரம் பார்க்க.”

“டைம் பாக்க ரேடியோவா!” கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஆவடில எவனும் வாட்ச்சே கட்ட மாட்டான் மேடம். பேக்டரில சங்கு ஊதுவான். அத்த வெச்சுதான் சோறே துன்னுவாங்க.”

பத்து கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம் ஆனது.

ஆவடிக் கருவி, பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக் குடியிருப்பை ஒட்டிய ஒரு சிறிய மாதா கோயிலின் பின்னறையில் இருந்தது. கவனித்துக்கொண்டவர் சூசை, அக்கோயிலின் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, பீடத்தைத் துடைப்பது எல்லாம் அவர்தான். தினமும் பதிவுத் தாளை மாற்ற வேண்டும். மதியம் பன்னிரண்டுக்கு, நாங்கள் கொடுத்திருந்த ரேடியோவைக் கேட்டு, கருவியின் கடிகாரம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். கடிகாரத்தைத் தொடக் கூடாது. இதுதான் முறை. அவருடைய பதிவேட்டில் விலகல் எப்போதும் சுழியம். நல்ல கடிகாரம் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது 11.30. சூசையின் மனைவி ரெஜினா டம்ளரில் டீ கொண்டுவந்தார். “ஊட்டுக் கடியாரம் மூணு மாசமா நின்னுகினு கீது டீச்சரம்மா. அத்த பாக்க இவுருக்கு நேரமில்ல. உங்க மிஷின மட்டும் கொழந்தையாட்டம் தொடச்சு வெப்பாரு.”

“நீ சும்மா இரு. அது கவர்மென்ட் மிஷினு” என்றார் சூசை.

நான் என் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டேன். பன்னிரண்டுக்கான நீண்ட ஒலி முடிந்த பிறகு, ஒரு கணம் கழித்து, தொழிற்சாலைச் சங்கு ஊதியது. உடனே சூசை கருவிக் கடிகாரத்தின் குமிழைத் திருகினார். முள் பன்னிரண்டில் போய் நின்று, மீண்டும் ஓடத் தொடங்கியது. பதிவேட்டில் சுழியம் போட்டுவிட்டு, கோயிலில் நண்பகலுக்கு அடிக்க வேண்டிய திரிகால ஜெப மணியை அடிக்க ஓடினார்.

மணி ஓயும்வரை அந்தச் சுழியத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எத்தனை நாளாக இப்படித் திருப்பி வைக்கிறீர்கள்?” திரும்பி வந்தவரிடம் கேட்டேன்.

“மொத நாள்லேர்ந்தே டீச்சரம்மா. நீங்கதான சொன்னீங்க, கடியாரம் கரெக்டா இருந்தாதான் எல்லாம்னு? ஒரு நாளு உட்டதில்ல.”

“ரேடியோ கொடுத்திருந்தோமே?”

“அது கர்ருனு இரையுது. அத்த புட்ச்சு கேக்கறதுக்குள்ள மணிக்கு டைம் ஆயிடும். சங்குன்னா மிஷினுக்கும் ஆச்சு, மணிக்கும் ஆச்சு. ஞாயித்துக்கெழம சங்கு கெடியாது, அன்னிக்கு மட்டும் ரேடியோ வெச்சு திருப்புவேன்.” என் முகத்தைப் பார்த்து, “தப்பா?” என்றார்.

“சங்கு சரியாகத்தான் ஊதுகிறது. அந்தச் சத்தம் இங்கே வந்து சேர நேரம் ஆகிறது.”

“இம்மாந்தூரத்துக்கா!” என்று சிரித்தார் ரெஜினா. “கேட்டியா, உன் சங்கு நடந்து வருதாம்.”

இனி எல்லா நாளும் ரேடியோதான், கடிகாரத்தைத் தொட வேண்டாம் என்று எழுதி, சுவரில் ஒட்டினேன். என்ன கெட்டுப்போயிற்று என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

வெளியே வந்து, மழையில், தொழிற்சாலை மதில் வரை நடந்து எண்ணினேன். முந்நூறு காலடி வைத்தேன், ஏறத்தாழ இருநூறு மீட்டர். ஒலி அதைக் கடக்க அரை விநாடிக்குச் சற்று மேல் ஆகும். மீதி, கை குமிழைத் திருகும் நேரம். கடிகாரம் அந்த அளவு பின்தங்கினால், அலை அந்த அளவு முன்னதாக வந்ததுபோலத் தெரியும். ஆவடிக்குக் கீழே நான் எழுப்பியிருந்த பாறை இவ்வளவுதான். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. ஒருவேளை இதைக் கழித்த பிறகும் கொஞ்சம் மிஞ்சலாம் என்று சொல்லிக்கொண்டேன். 2.40 மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்தேன், ஐம்பது நிமிடம். அம்பத்தூரில் ஏறிய கூட்டத்தில் யார் முகமும் நினைவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நவம்பரில் போகாதீர்கள், போனால் குமணன்சாவடியைத் தவிர்த்து ஆவடிக்கு ரயிலிலேயே போங்கள். கருவியை ஒப்படைக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது போதாது. அவர் அதைச் செய்வதை ஒரு முழு வேலைநாளும் ஒரு ஞாயிறும் உடன் உட்கார்ந்து பாருங்கள். அவருடைய அன்றாட வேலையில் அந்த நேரத்தில் வேறென்ன இருக்கிறது என்று கேளுங்கள். பதிவேடு குறையே இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். நான் எல்லாவற்றையும் சந்தேகிப்பவள் என்று பெயர் வாங்கியவள். எனக்குப் பிடித்த எண்ணை மட்டும் சந்தேகிக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. எங்கள் துறை அலுவலகத்தைத் திறக்கச் சொல்லி, காலை ஒன்பதுக்குப் பதிவுத் தாள்களோடு உட்கார்ந்தேன். ஞாயிறு நண்பகலிலிருந்து திங்கள் நண்பகல் வரை மட்டுமே ஆவடிக் கடிகாரம் சரியாக ஓடியிருக்கும். இரண்டு ஆண்டுகளில் பதிவான நாற்பத்தொரு நிலநடுக்கங்களில் ஆறு அந்த நேரத்தில் வந்திருந்தன. ஆறிலும் ஆவடி அலை முன்னதாக வரவில்லை. அந்த ஆறையும் நான் முன்பே கணக்கிலிருந்து நீக்கி, ஓரத்தில் ‘இயக்குபவர் பிழை’ என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, அந்த ஆள் கவனமில்லாமல் இருந்திருப்பார் என்று அப்போது எண்ணியது நினைவுக்கு வந்தது.

மாலை நாலரைக்குக் கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தைத் தட்டச்சு செய்தேன். காரணம் என்ற இடத்தில் முதலில் வந்தது அதே இரண்டு சொற்கள்தான். தாளை உருவிக் கிழித்துவிட்டு, புதிய தாளைச் செருகி, பிழை என்னுடையது என்று அடித்தேன்.