அண்ணன் விழும் நான்கு விநாடி

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். எனக்கு இதில் லாபம் ஒன்றும் கிடையாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், சாப்பிட்டுவிட்டுத் தெருவே அசந்து தூங்கும் நேரத்தில், எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது.

ஒரு சினிமா இணையதளத்தில் எனக்கு வேலை. ‘அடுத்து என்ன பார்க்கலாம்?’ என்ற பகுதியை நான்தான் எழுதுகிறேன். அந்த வாரம் எடிட்டர் கொடுத்த தலைப்பு, உலகம் அழிந்த பிறகு நடக்கும் பாலைவன ஆக்‌ஷன் படங்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். உலகமே நாசமாகிவிட்டது, குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை, ஆனால் லாரிக்கு டயர் மட்டும் எப்படியோ கிடைத்துவிடுகிறது. மண்டையைப் பிளக்கிற வெயிலில் எல்லாரும் தோல் ஜாக்கெட்டும் முகமூடியும் மாட்டிக்கொண்டு பெட்ரோலுக்காக அடித்துக்கொள்வார்கள். முகமூடி எதற்கு என்று அண்ணனிடம் ஒருமுறை கேட்டேன்.

“மூஞ்சி தெரிஞ்சா ஒரே ஆள எப்படிடா பத்து தடவ சாகடிக்கிறது?” என்று சிரித்தான்.

அண்ணன் ஸ்டண்ட்மேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று எடுத்த பாலைவனப் படத்துக்குப் போனான். திரும்பி வரவில்லை. முதல் நாள் ஷூட்டிங் முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் யாருடனோ போய்விட்டான் என்று கம்பெனி கையை விரித்துவிட்டது.

அந்த ‘யாருடனோ’ போதாதா? ஆளாளுக்குக் கதை கட்டினார்கள். அண்ணி ஒரு ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறார். கூட வேலை செய்பவர்கள் அவர் காதுபடவே ‘ஓடிப்போனவன் பொண்டாட்டி’ என்றார்கள். அண்ணியைப் பெற்ற அம்மாவே, “நீ ஒழுங்கா வெச்சிருந்தா அவன் ஏன் போறான்?” என்று கேட்டாள். செத்தானா, ஓடினானா? அது தெரியாமல் அண்ணியால் அழவும் முடியவில்லை, திட்டித் தீர்க்கவும் முடியவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். இப்போதும் எரிகிறது.

அந்தப் படத்தில் அண்ணன் வருவது நான்கே விநாடி. ஓடுகிற லாரியின் மேலிருந்து விழுவான். முகமூடி போட்டிருந்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். சின்ன வயதில் இடது மணிக்கட்டு உடைந்ததிலிருந்து, விழும்போது அந்தக் கையை நெஞ்சோடு சேர்த்துக்கொள்வான். வலது தோளில் விழுந்து ஒரு புரளல். புழுதி. உடனே காட்சி மாறிவிடும். அந்தக் கம்பெனி இருக்கிறதே, எச்சில் கையால் காக்கா ஓட்டாத கம்பெனி. ஒரு தடவை எடுத்த சண்டையைத் துண்டு துண்டாக வெட்டி, இன்னும் நான்கு படங்களை ஒப்பேற்றிவிட்டது. எங்கள் தள எடிட்டர் அந்த ஐந்தையும்தான் என் தலையில் கட்டினார். அவருக்கு அண்ணன் விஷயம் தெரியாது.

அண்ணி சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். இந்த மாதிரிப் படம் ஓடினால் ஹால் பக்கமே வரமாட்டார். அவருக்காக டிவியின் சத்தத்தைச் சுத்தமாக அணைத்துவிட்டேன். வேகத்தையும் கூட்டிவைத்தேன். எங்கள் தொழிலில் எல்லாரும் அப்படித்தான். வாரத்துக்குப் பத்துப் படம் பார்ப்பவன் முழுசாகவா பார்ப்பான்?

முதல் படம் ஓடியது. அண்ணன் விழுந்தான். புழுதி. காட்சி மாறியது.

இரண்டாவது படம். லாரிக்கு வேறு கலர் அடித்திருந்தார்கள். அண்ணன் விழுந்தான். புழுதி. காட்சி மாற வேண்டும்... மாறவில்லை.

புழுதி மெல்ல அடங்கியது. அண்ணன் மணலில் மல்லாந்து கிடந்தான். பிறகு வலது கையை மேலே தூக்கினான்.

சட்டென்று வேகத்தைக் குறைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்போது பயம் வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு அண்ணனைப் புதிதாகப் பார்க்கிறேனே! ஆனால் அந்தக் கை... அண்ணன் பழகிய ஸ்டண்ட் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. அடி படவில்லை என்றால் விழுந்தவன் தானே எழுந்துவிடுவான். எழ முடியாவிட்டால் கையைத் தூக்குவான். தூக்கிய கையைப் பார்த்தால் போட்டது போட்டபடி எல்லாரும் ஓடுவார்கள்.

ஒருவரும் ஓடி வரவில்லை.

மூன்றாவது படத்தைப் போட்டேன். நேராக அந்த இடத்துக்குத் தள்ளினேன். அண்ணன் விழவில்லை. ஏற்கெனவே விழுந்து கிடந்தான். கை தூக்கியபடியே இருந்தது. பின்னால் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. போகப் போகப் புள்ளியாகி... மறைந்தே போய்விட்டன.

திரையின் ஓரத்தில் பார்த்தேன். நேரம் காட்டும் எண் 41:07-இல் நின்றிருந்தது. படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. அண்ணனுக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள இதைவிட்டால் எனக்கு வேறு வழி ஏது?

நான்காவது படம். நான் எங்கேயும் தள்ளவில்லை. பட்டனை அழுத்தியதும் அதுதான் வந்தது. தலைப்பு இல்லை. பெயர்கள் இல்லை. வெறும் மணல்.

அண்ணன் ஊர்ந்து வந்துகொண்டிருந்தான்.

இடது கை நெஞ்சோடு இருந்தது. வலது முழங்கையை ஊன்றி... ஒரு இழுப்பு. நிறுத்தம். இன்னொரு இழுப்பு. லாரி போன பக்கமாக.

நான் உட்கார்ந்திருந்த பக்கமாக.

ரிமோட்டை அழுத்தினேன். அணையவில்லை. திரையின் மூலையில் ‘அடுத்த படம்’ என்று வந்தது. 5... 4... 3... அது தானாக ஓடத் தொடங்கும். தெரியுமல்லவா?

2...

1...

ஐந்தாவது படம்.

முகமூடி. திரை முழுக்க முகமூடி.

அதன் கண்ணாடியில் மணல் அப்பியிருந்தது. உள்ளே மூச்சு படிந்து... மறைந்து... படிந்து... மறைந்தது.

சத்தமில்லை. நான்தான் அணைத்திருந்தேனே.

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

‘டங்’ என்று டம்ளர் எடுக்கும் ஓசை. தண்ணீர் ஊற்றும் ஓசை.

“இதோ வந்துட்டேன்!”

அண்ணி வேகமாக வெளியே வந்தார். கையில் டம்ளர். முழங்கை வரை சோப்பு நுரை. டிவியைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தார்.

“எங்க அவரு?”

“யாரு அண்ணி?”

“இப்பதான கூப்பிட்டாரு. ‘மேடம், தண்ணி’ன்னு.”

அண்ணன் வீட்டுக்குள் நுழையும்போது, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அப்படித்தான் கத்துவான். மேடம் என்று கூப்பிட்டு அண்ணியை வம்பிழுப்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை.

அண்ணி மெல்லத் திரும்பினார். டிவியைப் பார்த்தார்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கிட்டே போனார். டிவிக்கு முன்னால் டம்ளரை வைத்தார்.

“குடிங்க” என்றார்.

திரை கறுத்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கடிகாரத்தில் மணி மூன்று இருபது. அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். பிறகு அவருக்குக் கொடுக்கலாம் என்று டம்ளரை எடுத்தேன்.

காலி.

அண்ணி குடிக்கவில்லை. நானும் குடிக்கவில்லை. தரையில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

மறுநாள் ஐந்து படங்களையும் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே நான்கு விநாடிதான். விழுகிறான், புழுதி, காட்சி மாறுகிறது. கையும் இல்லை, ஊர்வதும் இல்லை. ஆபீஸில் எடிட்டிங் தெரிந்தவனிடம் காட்டினேன். “லீவு போட்டுத் தூங்குங்க சார்” என்றான்.

அந்த வாரத்துப் படப் பட்டியலை எழுதினேன். எப்படி எழுதினேன் தெரியுமா? ‘இந்த ஐந்து படங்களிலும் லாரியிலிருந்து விழுபவர் என் அண்ணன். அவர் ஓடிப்போனார் என்கிறார்கள். அங்கே வேலை பார்த்த யாராவது இதைப் படித்தால் பேசுங்கள்’ என்று எழுதிக் கீழே என் போன் நம்பரைப் போட்டேன். எடிட்டர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அவர் அதைத் தூக்குவதற்குள் ஒரு நாள் முழுக்க இருந்தது.

அது போதுமானதாக இருந்தது. அந்த வாரக் கடைசியில் ஒருவர் கூப்பிட்டார். நம் பாஷைதான்.

“தம்பி... அந்த லாரிய ஓட்டினது நான்தான்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“கண்ணாடில பார்த்தேன். கை தூக்கியிருந்தாரு. எங்க செட்ல கை தூக்கினா, நான் நல்லாருக்கேன், நீ போய்க்கிட்டே இருன்னு அர்த்தம். போயிட்டேன் தம்பி. எல்லா வண்டியும் போயிடுச்சு. அப்புறம் மணல் காத்து. மறுநாள் காலைலதான் திரும்பிப் போனோம்.”

“இருந்தாரா?”

“இருந்தாரு. உயிர் இல்ல. லாரித் தடத்தப் புடிச்சு ரொம்ப தூரம் ஊர்ந்திருக்காரு. கம்பெனிக்காரங்க அங்கயே புதைக்கச் சொன்னாங்க. ஓடிட்டாருன்னு சொல்லச் சொன்னாங்க. எங்களுக்கும் வயித்துப் பொழப்பு...”

“அவர் ஊர்ந்ததை யாராவது படம் பிடிச்சாங்களா?”

“கேமராவ எப்பவோ நிறுத்தியாச்சே. யாரு பிடிப்பா?”

நான் போனை வைக்கப் போனேன், அவரே தொடர்ந்தார்.

“ஒண்ணு மட்டும் இன்னிக்கு வரைக்கும் புரியல தம்பி. முகமூடியக் கழட்டினது நான்தான். வாயெல்லாம் ஈரம். சட்டை நெஞ்சு வரைக்கும் நனைஞ்சிருந்துச்சு, அப்பதான் குடிச்ச மாதிரி. தண்ணி டிரம் எங்க லாரில இருக்கு. அந்தப் பக்கம் எங்க தேடினாலும் சொட்டுத் தண்ணி கிடையாது.”

அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஓடவில்லை என்று சொன்னதும் அழுதார். மூன்று வருஷத்து அழுகை, தெருவுக்கே கேட்டது. கேட்கட்டும் என்று நானும் ஜன்னலைச் சாத்தவில்லை. ஆனால் அந்தச் சட்டை ஈரத்தைப் பற்றிச் சொன்னதும் அழுகை நின்றுவிட்டது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, நான் டம்ளர் நெறையக்கூட ஊத்தலையே” என்றார். “அவசரத்துல முக்கால்தான ஊத்தினேன்...”