கருமாதிக்கு வந்த டி.ஜே.

ருக்ஷானாவுக்கு ஒரே வேலையை இரண்டு முறை செய்யச் சொன்னால் எரிச்சல் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் ஒரே விடுப்புக் கடிதத்தைத் தேதி மட்டும் மாற்றி மூன்று வருடம் ஓட்டியவள். கள்ளக்குறிச்சியில் அவள் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு எதிரே நான் மலைத்தேன் கடை வைத்திருக்கிறேன். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

அச்சக முதலாளி நாராயணசாமி பழைய ஆள். போன மாதத்துக் கல்யாணப் பத்திரிகையைக் கணினியில் திறந்து, பெயரை அழித்து, புதுப் பெயர் அடிப்பதுதான் அங்கே வழக்கம். அழிக்க மறந்த யாரோ ஒருவரின் தாய்மாமன் இன்னொருவர் பத்திரிகையில் போய் உட்கார்ந்துகொள்வார். சண்டைக்குக் குறைவே இல்லை.

ருக்ஷானா கணினியில் புதிதாக ஓர் ஏற்பாடு செய்தாள். கல்யாணம், நிக்காஹ், காதுகுத்து, கருமாதி ஒவ்வொன்றும் ஒரு வகை. தேதி, நேரம், இடம், அழைப்பவர் பெயர் எல்லாவற்றுக்கும் பொதுதானே? அவற்றை நிரப்பும் கட்டங்களை ஒரே முறை எழுதி 'பொது' என்ற பெட்டியில் வைத்தாள். எல்லா வகையும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். பெட்டியில் ஒன்றைச் சேர்த்தால் எல்லாவற்றிலும் சேரும். எனக்கே புரிந்தது என்றால் பாருங்கள்.

"ஒரு பத்திரிக கெட்டாலும் இதத் தூக்கிக் கடாசிட்டுப் பழையபடிதான்," என்றார் முதலாளி. அவளுக்கோ அது ஆறு மாத உழைப்பு.

ஆவணி முகூர்த்தம் வந்தது. கல்யாண வீட்டார் டி.ஜே. பெயரைச் சொல்ல மறந்துவிட்டு, அச்சடித்த பிறகு வந்து நிற்பார்கள். எனவே 'டி.ஜே. பெயர்' என்று ஒரு கட்டம் போட்டு, அதை நிரப்பாமல் அச்சுக்குப் போக முடியாதபடி செய்தாள். கல்யாண வகையில் வைக்க வேண்டியதை, அவசரத்தில் பொதுப் பெட்டியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

அந்த நேரம் பார்த்து, டைப் அடிக்கும் இளவரசன் வடக்கனந்தல் வீரமுத்துவின் அப்பாவுடைய கருமாதிப் பத்திரிகையை முடித்துக்கொண்டிருந்தான். டி.ஜே. யார் என்று கேட்டது கணினி. விடவே இல்லை. கடுப்பில், தனக்குத் தெரிந்த ஒரே டி.ஜே.யின் பெயரைத் தட்டினான். அச்சில் வராது என்று நினைப்பு. வந்தது. இருநூறு பத்திரிகையிலும், துயரமிகு குடும்பத்தாருக்கு மேலே, 'டி.ஜே. கலையரசன்'.

திரும்பி வந்த ருக்ஷானா, "யா அல்லாஹ்!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மறைக்க நேரமில்லை. வீரமுத்து வாசலில் நின்றார். முதலாளியும் எழுந்து வந்தார். நான் கடையைப் போட்டது போட்டபடி ஓடினேன், இதைத் தவறவிடுவேனா?

"எந் தப்புதாங்க. வேற அடிச்சித் தர்றேங்க," என்று ஒரு பத்திரிகையை நீட்டினாள்.

வீரமுத்து படித்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே நினைத்தோம். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணீர் வழிய.

"எங்கப்பாரு எம்பது வயசுலயும் ஸ்பீக்கர் வண்டி பின்னாலயே ஆடிக்கினு போனவரும்மா. யாரு வூட்டுக் கல்யாணம்னுகூடக் கேக்கமாட்டாரு. இதுல இன்னா தப்பு? அப்டியே குடு. கலையரசன் நம்பர் இருக்குதா?"

முதலாளி பத்திரிகைக் கட்டைத் தானே எடுத்து அவரிடம் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அன்றைக்கே ருக்ஷானா டி.ஜே. கட்டத்தைப் பொதுவிலிருந்து எடுத்து, 'ஆட்டம்' என்று தனியாக ஒரு சின்னப் பெட்டியாக்கினாள். வேண்டிய வகை மட்டும் அதை மாட்டிக்கொள்ளலாம், கட்டாயமில்லை. கல்யாணத்தில் மாட்டினாள். காதுகுத்தில் மாட்டினாள். கருமாதிக்கு வந்ததும் கை நின்றது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த நாராயணசாமி தொண்டையைச் செருமினார்.

"அதுலயும் மாட்டும்மா. எனக்கு அடிக்கறப்ப வேணும்."