சுவர் வழியே கேட்ட படம்

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து பேருந்தில் ஏறியவள், இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டை விட்டுவிட்டு இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்கினாள். கால் தரையில் பாவவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு அந்தப் படம். இருபத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம், ஒரே ஒரு காட்சி. தையல் யூனிட்டிலிருந்து ஒன்பது பேர், ஒரே வரிசையில்.

ஆஸ்பத்திரிச் சீருடை தைக்கும் அந்த யூனிட்டில் அவளுக்கு வசனக்கா என்று பெயர். சம்பளம் வாங்குவது காலர் தைப்பதற்கு. பேர் வாங்கியது படம் சொல்வதற்கு. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்குமுன்னே யாராவது ஒருத்தி, "வசனக்கா, ஒரு சீன்" என்று ஆரம்பித்துவிடுவாள். வசனம் மட்டுமில்லை, பின்னணி இசையும் வரும். வயலின் மூக்கில், மேளம் டிபன் மூடியில்.

அதிலும் ரயில் படம் என்றால் தண்ணீர் குடிக்கக்கூட யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். படத்துக்கு வேறு ஏதோ பெயர். யூனிட்டில் அது ரயில் படம்தான். சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறான் மகன். மனசு கேட்காமல் ஸ்டேஷனுக்கு ஓடி வருகிறாள் அம்மா. அதற்குள் ரயில் நகர்ந்துவிடுகிறது. தடக் தடக் என்று அது வேகம் பிடிக்க, ஒற்றை வயலின் அதன் பின்னாலேயே ஓடுகிறது. இந்த இடத்தில் வசனக்கா கையை நீட்டிக்கொண்டு நாலடி ஓடியே காட்டுவாள். காஜா போடுகிற பெண் ஒவ்வொரு தடவையும் மூக்கைச் சிந்துவாள். நூல் பிசிறு இருந்தாலே சட்டையைத் திருப்பி வீசுகிற செக்கிங் அக்காகூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள்.

ஒரே ஒரு சங்கடம். அந்தப் படத்தை வசனக்கா பார்த்ததே இல்லை.

கேட்டிருக்கிறாள். கல்யாணமான புதிதில் குடியிருந்த ஒற்றை அறை ஒரு தியேட்டரின் பின்சுவரை ஒட்டியிருந்தது. மகன் எட்டாம் மாதத்திலேயே பிறந்து, பூனைக்குட்டி மாதிரி இருந்தான். கூட்டம் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தால், மேட்னி முழுக்க முதுகு வழியாக உள்ளே இறங்கும். ஏழு வாரம். ஒரு வார்த்தை விடாமல் மனப்பாடம். அந்த ரயில் இசை வந்ததும் பிள்ளை அழுகையை நிறுத்துவான், அவள் ஆரம்பிப்பாள். பிள்ளை தேறி வெளியே தூக்கிப் போகலாம் என்றானபோது படத்தைத் தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். அப்புறம் டிவியில் வரவில்லை, போனிலும் கிடைக்கவில்லை. சுருளே அழிந்துவிட்டது என்றார்கள். இப்போது எங்கோ ஒரு கிடங்கில் அகப்பட்டு, துடைத்துச் சுத்தம் செய்து கொண்டுவந்திருக்கிறார்கள்.

யூனிட்டில் சேர்ந்த முதல் நாள், ஒரு முகமும் தெரியாத பயத்தில், "நான் பார்த்த படத்துலயே" என்று ஆரம்பித்தாள். அந்த ஒரு வார்த்தை இருபது வருஷமாகக் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். விஷயம் தெரிந்த ஒரே ஆள். வந்ததும் வராததுமாக அவள் நாளைக்குக் கட்ட வேண்டிய புடவையைத் தேய்ப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"நாளைக்கு உன் மானம் கப்பலேறப் போகுது. இப்பவே போன் பண்ணிச் சொல்லிடேன், பார்க்கல, கேட்டதுதான்னு."

"எதுக்குச் சொல்லணும்? ஒரு வார்த்தை பிசகாதுங்க. வேணும்னா பாருங்க."

"வார்த்தை சரி. கிளம்பிப் போறானே, அந்தப் பையன் சட்டை என்ன கலர்?"

"நீலம்."

"யார் சொன்னா?"

அவள் தேய்ப்புப்பெட்டியைத் தூக்கியபடியே நின்றுவிட்டாள். இத்தனை வருஷமாக அது நீலம்தான்.

மறுநாள் ஒன்பதேகாலுக்கே தியேட்டர் வாசலில் நின்றாள். ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்தார்கள். காஜா போடுகிறவள் கர்சீப் இரண்டு கொண்டுவந்திருந்தாள். "ஒண்ணு ரயிலுக்கு, ஒண்ணு கிளைமாக்ஸுக்கு." செக்கிங் அக்கா நடு இருக்கையைக் காட்டி, "ஏய் வசனம், நீ இங்க என் பக்கத்துல உக்காரு" என்றாள்.

விளக்கு அணைந்து முதல் இசை எழுந்தபோது முதுகு சிலிர்த்தது. பழக்கம் அதற்குத்தான். குரல்களுக்கெல்லாம் முகம் முளைத்தது! அப்பாவின் கரகர குரலுக்கு இவ்வளவு ஒல்லியான ஆளா? கதவு திறக்கும் சத்தம் என்று நினைத்தது ஊஞ்சலா? ஒவ்வொரு வசனத்தையும் நடிகர்களுக்கு அரை வினாடி முன்னால் முணுமுணுத்தாள். முன் வரிசைக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். சட்டை பழுப்பு. போகட்டும், யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது.

"நான் கிளம்பறேம்மா."

வந்துவிட்டது. மகன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். வரிசை முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது. அம்மா எழுந்தாள். வாசலுக்குப் போகவில்லை. அறை மூலைக்குப் போய், தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து, அவனுக்காகப் பாதி தைத்து வைத்திருந்த சட்டையை ஊசிக்கடியில் வைத்து மிதிக்க ஆரம்பித்தாள்.

தடக் தடக் தடக் தடக்.

ரயிலே இல்லை. அன்றைக்கு வசனக்காவுக்கு மிஷினில் உட்காரவே தெரியாது. சுவர் சொன்னதை ரயில் என்று எடுத்துக்கொண்டாள். அப்புறம் இருபது வருஷம் நாற்பது மிஷின்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு அதே சத்தத்தை ரயில் என்று சொல்லியிருக்கிறாள். ஒருத்திகூட மறுத்ததில்லை.

திரையில் ஊசி பெரிதாகத் தெரிந்தது. செக்கிங் அக்கா சட்டென்று அவள் கையைப் பிடித்தாள்.

"நூல் கோக்கல."

ஆமாம். ஊசியில் நூல் இல்லை. அந்த அம்மா வெறும் ஊசியில் தைத்துக்கொண்டிருந்தாள். அது சுவரில் கேட்டிருக்க முடியாது. அரங்கில் வேறு யாராவது கவனித்தார்களோ என்னவோ, இந்த வரிசையில் ஒன்பது பேருக்கும் தெரிந்துவிட்டது. வயலின் மேலே போக, ஒன்பது பேர் பாதங்களும் இருட்டில் தானாக மிதித்தன.

இடைவேளை. விளக்கு வந்ததும் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"ரயில் எங்கக்கா?"

சொல்லிவிட்டாள். ஒற்றை அறை, பின்சுவர், தோளில் பிள்ளை, ஏழு வாரம், எல்லாம்.

"அப்ப அந்த நாலடி ஓட்டம்?" காஜா போடுகிறவள் கேட்டாள்.

"அது... நானே சேர்த்தது."

"அடிப்பாவி! என் கர்சீப்பெல்லாம் போச்சே!"

வரிசை குலுங்கியது. செக்கிங் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"ஏண்டி மறைச்ச?"

"மொத நாள் பயம்க்கா. அப்புறம் நீங்க அழுதீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டி, குறை உள்ள சட்டையைப் பார்க்கிற மாதிரி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ரிட்டர்ன் பீஸ். மொத்தமாப் பிரிச்சு முதல்லேருந்து தைக்கணும். நாளைக்குச் சாப்பாட்டு நேரத்துல ஆரம்பி. மிஷின் நான் ஓட்டறேன், வயலின் நீ."

"நூல் கோக்காமத்தானேக்கா?"

"பின்ன?"

வெளியே வந்ததும் காஜா போடுகிறவள் பாப்கார்ன் வாங்கிப் பொட்டலத்தை நீட்டினாள். "சரி, அடுத்த பாதியிலயாவது பையன் திரும்பி வர்றது நெஜமா? கதவு தட்டுவான்னு சொல்லுவியே?"

அந்தத் தட்டல் அவளுக்கு அத்துப்படி. மூன்று தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு. ஆனால் தட்டியது கதவுதானா, தட்டியது மகன்தானா?

"சத்தியமாத் தெரியாதுடி" என்றாள். சொல்லும்போதே முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மணி அடித்தது. நாலு பேர் காலை மிதித்துக்கொண்டு, வசனக்கா எல்லாருக்கும் முந்தி இருக்கைக்கு ஓடினாள்.