வாய் திறக்காமல் மூன்று சுற்று

கியூபாவின் ஒரு சிற்றூரில் ஊரைவிட மூத்த இலவமரம் ஒன்று நிற்கிறது. நவம்பரில் வாய் திறக்காமல் அதை மூன்று முறை சுற்றினால் நினைத்தது நடக்கும்.

ரொட்டி சுடும் எவேலியோ ஆண்டுதோறும் மனைவி நியேவெஸோடு போவார். இரண்டாம் சுற்றைத் தாண்டியதே இல்லை.

“யோவ், வேரு தடுக்கப்போவுது, பார்த்து நட!”

“போச்சு! வாயத் திறந்துட்டியே, மகராசி!”

“விழுந்து பல்லு போனா மரமா வந்து கட்டிவிடும்?”

சண்டை போட்டுக்கொண்டே இருவரும் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போவார்கள்.

மார்ச்சில் நியேவெஸ் இறந்துபோனார். நவம்பரில் எவேலியோ தனியாகப் போனார். மூன்றாம் சுற்றுவரை நிம்மதியாக நடந்தவர், அதே வேர் தடுக்கிக் குப்புற விழுந்தார். முன்பல் ஒன்று போயிற்று.

கூடச் சுற்றியவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வேண்டுதல் கெட்டுவிடுமே என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.