இடது ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு

ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு, மைசூரில் தசரா நெருங்கிக்கொண்டிருந்த சமயம். சரஸ்வதிபுரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஞாயிறுதோறும் கூடும் வயலின் குழுவில் என் அக்கா வாசித்துக்கொண்டிருந்தாள். மேற்கத்திய இசை என்பதால் தாளைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். அந்தத் தாள்களைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. நானாகக் கேட்டு வாங்கிய பொறுப்பு இல்லை. அக்கா சொன்னால் செய்துதானே ஆக வேண்டும்.

அந்த வருடம் ஆடி மாதம் அக்காவுக்கு லேசாக ஸ்ட்ரோக் வந்தது. கை, கால், பேச்சு எல்லாம் தப்பித்தன. பார்வையில் மட்டும் இடது பாதி போய்விட்டது. தட்டின் இடது பக்கம் வைத்த சட்னி அப்படியே இருக்கும். இன்றைக்குச் சட்னி அரைக்கவில்லையா என்று என் மனைவியைக் கேட்பாள். முதல் நாள் விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டோம். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

வயலினிலும் அதே கதைதான். ஒரு வரி முடிந்ததும் கண் அடுத்த வரியின் ஆரம்பத்துக்குப் போக வேண்டும். அக்காவின் கண் பாதி வழியிலேயே நின்றுவிடும். எல்லோரும் அந்த வரியின் முதல் கட்டத்தில் இருக்க, இவள் மட்டும் மூன்றாவது கட்டத்தை வாசிப்பாள். குழுவை நடத்தியவர் நல்ல மனிதர். இந்தத் தசராவுக்கு ஓய்வு எடுத்துக்கொள்ளுங்களேன் என்று தன்மையாகத்தான் சொன்னார். கணவர் இறந்த பிறகு அக்கா வீட்டை விட்டு வெளியே கிளம்பியதே அந்த ஒத்திகைக்காகத்தான். ஒரே ஒரு வாய்ப்பு கேட்டாள். அடுத்த ஒத்திகையில் சரியாக வந்தால் மேடை, இல்லாவிட்டால் இல்லை என்று முடிவானது.

நான் பெரிய புத்திசாலி மாதிரி, எல்லா எழுத்தையும் ஒரே கட்டளையில் பெரிதாக்கிக் கொடுத்தேன். அது இன்னும் மோசமாகப் போனது. எழுத்து பெரிதானால் வரிகள் அதிகமாகும். அவள் தொலைந்துபோகிற இடங்களும் அதிகமாகும்.

"மறைக்கற மாதிரி இருந்தாக்கூடப் பரவாயில்லடா. அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. இல்லாததை எப்படித் தேடறது?" என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. மென்பொருளில் இந்த இடத்தில் மட்டும் என்று தனித்தனியாக மாற்ற வழி உண்டு, பொறுமைதான் வேண்டும். எழுத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு வரியின் இடது ஓரத்திலும் பட்டையாகச் சிவப்புக் கோடு போட்டேன். அந்தச் சிவப்பு கண்ணில் படும் வரை இடது பக்கம் போய்க்கொண்டே இரு என்று அர்த்தம். சரியான வரிக்குத்தான் வந்திருக்கிறோம் என்று தெரிய, மேல் வரியின் கடைசி ஸ்வரத்தைக் கோட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக மறுபடி வைத்தேன். அது அடையாளத்துக்கு மட்டும், வாசிக்கக் கூடாது. காலையில் காபியோடு இரண்டு பேரும் உட்காருவோம். அந்தக் கோட்டை நகர்த்து, இந்த ஸ்வரத்தைத் தள்ளு என்று அதட்டுவாள். சின்ன வயதில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அதே அதட்டல். உள்ளுக்குள் எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

குழுவில் இரண்டு பேருக்குத் தாள் வைக்க ஒரு ஸ்டாண்ட், ஒரே தாள். அக்காவோடு பல வருடமாக உட்கார்ந்து வாசித்தவர் ஒரு கன்னடத்து அம்மா. இருவருக்கும் பெரிய ஒட்டுதல் கிடையாது. தாளத்தைக் காலால் தட்டுகிறார் என்று அக்கா புலம்புவாள். தன் தப்பை ஒப்புக்கொள்கிற ரகமும் இல்லை அவர். கோடு போட்ட தாளைப் பார்த்து முகத்தைச் சுளித்தாலும், வயலின் வில்லை எடுத்தார்.

நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முதல் வரி சரி. இரண்டாவது வரி ஆரம்பத்தில் ஒரு ஸ்வரம் கூடுதலாகக் கேட்டது. மூன்றாவது வரியிலும் அப்படியே. நடத்துபவர் கையைத் தூக்கி நிறுத்தினார். ஹாலில் இருந்த எல்லோரும் அக்காவைத்தான் பார்த்தார்கள். நானும்தான். அக்கா வயலினைப் பெட்டியில் வைக்கக் குனிந்துவிட்டாள். தான்தான் தவறிவிட்டோம் என்று அவளே நம்பிவிட்டாள்.

அப்போது பக்கத்திலிருந்த அம்மா வில்லைத் தூக்கிக் காட்டினார்.

"தப்பு நந்து சார், அவரதல்ல" என்றார் கன்னடத்தில். தப்பு என்னுடையது, அவருடையது அல்ல.

அடையாளத்துக்கு வைத்த அந்தச் சின்ன ஸ்வரத்தை, முழுப் பார்வை உள்ள அவர் நிஜம் என்று நினைத்து வாசித்திருக்கிறார். அக்கா ஓர் இடத்தில்கூடத் தவறவில்லை. அந்த அம்மா பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, அக்காவுக்கே தெரிந்திருக்காது. அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து வாசித்தார்கள். இந்த முறை கூடுதலாக எதுவும் கேட்கவில்லை. எனக்குத்தான் கண் கலங்கிப் பாதி தெரியவில்லை.

அந்தத் தசராவில் அக்கா மேடையேறினாள், அடுத்த மூன்று தசராக்களிலும்.

இப்போது அக்கா கோயம்புத்தூரில் மகளோடு இருக்கிறாள், வாசிப்பதை நிறுத்திவிட்டாள். குழுவுக்குத் தாள் அடித்துக் கொடுப்பது இன்னும் நான்தான். அக்கா ஊர் மாறிய வருடம் அந்த அம்மாவுக்குக் கோடு இல்லாத தாளை அனுப்பினேன். அன்றைக்கே போன் வந்தது. சின்ன ஸ்வரம் வேண்டாம், சிவப்புக் கோடு மட்டும் இருக்கட்டும், அது இல்லாமல் பக்கத்து நாற்காலி காலியாகத் தெரிகிறது என்றார். இந்த வருடமும் வரி வரியாகக் கோடு போட்டேன். ஒவ்வொரு கோட்டிலும், குனிந்த அக்கா நிமிர்ந்து பார்த்த அந்த முகம் எனக்குத் திரும்பக் கிடைத்தது.