சோக்கட்டியால் கட்டிய மேல்வீடு

எங்கள் வீட்டின் மேல்மாடியில் நான்கு அறைகளும் ஒரு பல்கனியும் இருந்தன. எதற்கும் சுவர் கிடையாது. லிங்கநகரில் அப்பா கட்டிய வீடு கீழ்ப்பகுதியோடு நின்றுபோனது. மேலே வெறும் கொங்கிரீட் தட்டு. வெளிப்பக்கத்தால் ஏறிப்போக ஒரு படி. மூலைகளில் வானத்தைப் பார்த்து நிற்கும் இரும்புக் கம்பிகள். 'பிறகு மேலே கட்டலாம்' என்று கம்பி விடாத வீடு எங்கள் ஒழுங்கையில் ஒன்றுகூட இல்லை. மற்றவர்கள் அவற்றில் கொடி கட்டி உடுப்புக் காயப்போட்டார்கள். நாங்கள் மட்டும் அங்கே குடியிருந்தோம்.

குடியிருந்தோம் என்றால் உண்மையாகவே. அம்மா வீட்டிலிருந்து தைப்பவர். துணியில் அடையாளம் போடும் தையல் சோக்கட்டியால் அந்தத் தட்டில் அறைகளைக் கோடு கீறி வைத்திருந்தார். பின்னேரம் வெயில் தணிந்ததும் எல்லோரும் தேத்தண்ணியோடு மேலே ஏறுவோம். இது ஹோல், இது குசினி, இது அப்பா அம்மாவுடைய அறை, இது எனக்கும் தம்பிக்கும். பல்கனியில் நின்றால் மரங்களுக்கு நடுவே துறைமுகத்தின் ஒரு துண்டுத் தண்ணீரும், சில நாட்களில் ஒரு கப்பலின் தலையும் தெரியும். அறைக்குள் போவதென்றால் வாசலுக்கு விட்டிருந்த இடைவெளியால்தான் போகவேண்டும். தம்பி அவசரத்தில் கோட்டைத் தாண்டினால் அம்மா விடமாட்டார்.

"என்ன, சுவருக்குள்ளால வாறாய்? வாசலால வா."

விருந்தாளிகளும் தப்பவில்லை. ஒருமுறை அப்பாவின் தமக்கை வந்திருந்தபோது செருப்போடு ஹோலுக்குள் நின்றுவிட்டார். அம்மா முகத்தைச் சுழித்தார். மாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆசை இருக்குத் தாசில் பண்ண..." என்று தொடங்கியவர், அப்பாவின் முகத்தைக் கண்டு பாதியில் நிறுத்திக்கொண்டார். அடுத்த தடவை வந்தபோது அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

அப்பா பஸ் கண்டக்டர். குச்சவெளி, திரியாய்ப் பக்கம் ஓடும் பஸ். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கரையோரத்து வீடுகளையெல்லாம் பார்த்து வருவார். எந்த வீட்டில் எந்த மாதிரி யன்னல், எந்தக் கூரைக்கு எந்த ஓடு என்று அவரிடம் கேட்டால் போதும். பயணிகளுக்கு மிச்சக் காசு கொடுக்க மறந்தாலும் மறப்பார், இதை மறக்கமாட்டார்.

"குச்சவெளிக்குக் கிட்ட ஒரு வீட்டில படிக்குக் கீழ அலுமாரி வச்சுக் கட்டியிருக்கிறாங்கள். நல்ல வேலை."

"அதுக்குள்ள கரப்பான்தான் குடியிருக்கும்."

"உமக்கு எதைச் சொன்னாலும் ஒரு நொட்டை."

"கூட்டித் துடைக்கிறது நீங்களோ, நானோ?"

அந்தச் சண்டை இருட்டும்வரை நடக்கும். மறுநாள் பார்த்தால், கரப்பான் பூச்சிகளை மீறி, படிக்குப் பக்கத்தில் ஒரு அலுமாரி கீறப்பட்டிருக்கும். கீறியது அம்மாதான். 'வீட்டைக் கட்டிப்பார்' என்று சும்மாவா சொன்னார்கள்? எங்களுக்கு, கட்டாமலே அதன் பாடெல்லாம் தெரிந்திருந்தது.

மாரி வந்தால் வீடு கரைந்துபோகும். மழை விட்டதும் திரும்பக் கீறுவார்கள். ஆனால் ஒரு வருடமும் பழையபடி கீறியது கிடையாது. நான் பெரியபிள்ளையான பிறகு எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு சுவர் எழும்பியது. உயர்தரம் படித்தபோது எனக்கு ஒரு மேசை போடும் அளவுக்கு அறை நீண்டது. தம்பி கனடாவுக்குப் போன பிறகு, அவனுடைய அறையைக் கொஞ்சம் ஒடுக்கினால் பல்கனியை அகலமாக்கலாம் என்றார் அப்பா. அம்மா ஒரு சாண்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

இடையில், யுத்த காலத்தில் சில மாதங்கள் வீட்டை விட்டுப் போய் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்தோம். எங்களுக்கும் பக்கத்துக் குடும்பத்துக்கும் நடுவில் ஒரு சேலைதான் மறைப்பு. வீடு நிற்கிறதா இல்லையா என்றே தெரியாது. அங்கேயும் அம்மா மெல்லிய குரலில், மேல்வீட்டுக் குசினிக்கு எந்தப் பக்கம் புகைக்கூடு வைப்பது என்று கேட்டார். அப்பா, "காத்துப் போற பக்கம் பாத்துத்தான் வைக்கவேணும்" என்றார். நான் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எப்படியும் வீட்டுக்குத் திரும்பிவிடுவோம் என்று எனக்குத் திடமாகத் தோன்றியது அந்தக் கதையைக் கேட்டுத்தான்.

'எனது இலட்சியம்' என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொல்வார்கள். டொக்டர், எஞ்சினியர் என்று எழுதித் தள்ளுவோம். பெற்றோருக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வகுப்பில் எழுதியதெல்லாம் மறந்துபோயிற்று. அந்தச் சோக்கட்டிக் கோடுகள் மறக்கவில்லை.

பிறகு தம்பி கனடாவில் நல்ல நிலைக்கு வந்தான். தங்கமான பிள்ளை. "இனிக் கீறினது காணும், கட்டுங்கோ" என்று காசு அனுப்பிவைத்தான். ஒரு வருடத்துக்குள் மேல்வீடு எழும்பிவிட்டது. வழுக்கும் தரையோடு, அலுமினிய யன்னலோடு, அப்பா எந்தக் கரையோர வீட்டிலும் பார்த்திராத பளபளப்போடு. பால் காய்ச்சிய அன்று இரண்டு பேரும் அறை அறையாக நடந்தார்கள். அம்மா சுவர்களைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் மறுபக்கம் திரும்பி அழுதேன்.

கலியாணம் முடித்து நான் வவுனியாவில் இருக்கிறேன். பால் காய்ச்சிச் சில மாதங்கள் கழித்துப் பிள்ளைகளின் விடுமுறைக்கு வந்தபோது மேல்வீடு பூட்டிக் கிடந்தது. கதிரைகளுக்குச் சுற்றிவந்த பொலித்தீன்கூடக் கழற்றவில்லை. இரண்டு பேரும் கீழே ரீவிக்கு முன்னால் இருந்தார்கள். அப்பா கடைப்பக்கம் போவதையே விட்டிருந்தார். அம்மாவின் தையல் மெஷின் மேல் துணி போர்த்தியிருந்தது. இரண்டு பேரையும் டொக்டரிடம் காட்டியதற்கு, நோய் ஒன்றுமில்லை என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினாராம். கொஞ்ச மாதத்துக்குள் இப்படி வயது போகுமா? எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"மேல ஏறிப் பாக்கிறேல்லையோ அப்பா?"

"ஏறிறனான். வடிவாத்தான் கட்டியிருக்கிறாங்கள். ஒரு குறை சொல்ல ஏலாது." ரீவியைப் பார்த்தபடியே சொன்னார்: "இப்ப பின்னேரத்தில என்ன கதைக்கிறதெண்டுதான் தெரியேல்ல, பிள்ளை. கதைக்க ஒண்டுமில்லை."

தம்பியிடம் இதை எப்படிச் சொல்வது? வயிறு நிறையச் சோறு போட்ட பிள்ளையிடம், பசி இல்லாமல் போய்விட்டது என்று முறையிட முடியுமா? குசினிக்குள் நின்ற அம்மாவுக்கும் அது கேட்டிருக்கும். அவர் வெளியே வரவில்லை.

மறுநாள் பின்னேரம் நான் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன். ரீவியில் ஏதோ நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கோப்பையைக் கையில் எடுத்தார்.

"எனக்கு ஒரு பாஸ்போட் எடுக்கவேணும்" என்றார்.

அப்பா ரீவியின் சத்தத்தைக் குறைத்தார். "இந்த வயசில பாஸ்போட்டோ? எங்க போறதுக்கு?"

"அது நான் இன்னும் யோசிக்கேல்ல. கதைக்க ஒண்டுமில்லையெண்டு நேத்துச் சொன்னனீங்கள்தானே. இதைக் கதைப்பம்."

அப்பா தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"குளிர் நாடெண்டா எனக்கு ஏலாது, சொல்லிப்போட்டன்."

"உங்களை ஆர் கூப்பிட்டது?"

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா எழும்பி ரீவியை நிறுத்திவிட்டு, கதிரையை அம்மாவின் பக்கம் இழுத்துப் போட்டு அமர்ந்தார்.