பகலில் பூட்டிய வீடு

கலியமூர்த்தி சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட்டில் மண் தள்ளும் டோசரை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கண் அசந்துவிட்டார். வண்டி மண்மேட்டில் முட்டி நின்றதால் யாருக்கும் அடியில்லை. மறுநாள் சூப்பர்வைசர் அவரை எங்கள் டிஸ்பென்சரிக்கு அனுப்பினார். டாக்டர் ஃபிட் என்று எழுதினால் மறுபடி டோசர். இல்லையென்றால் நிரந்தரமாக ஸ்டோர்ஸ். அதுவரை அதே நைட் ஷிஃப்ட்டில் கீழே நின்று பார்க்கும் வேலை.

"ஸ்டோர்ஸ்ல போட்டா நான் மனுசனாவே இருக்க மாட்டேங்க சிஸ்டர்" என்றார். பாவமாக இருந்தது.

நர்ஸுக்கு உரிய உபதேசத்தைச் செய்தேன். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் டீ வேண்டாம், ஜன்னலுக்குக் கனமான துணி கட்டுங்கள், போனை அணைத்து வையுங்கள். எல்லாம் செய்கிறாராம். படுத்தால் மதியம்வரை எழுந்திருப்பதே இல்லையாம். பேச்சுவாக்கில், நேற்று காலையில் உங்கள் பக்கம் மீன்காரம்மா வந்தாங்களா என்று கேட்டேன்.

"வந்துச்சிங்க. நெத்திலி மட்டும்தான். அப்புறம் சிலிண்டர் வந்துச்சி, எதிர்வூட்டுக்கு கூரியர் வந்துச்சி."

தூங்குகிறவருக்கு இத்தனை செய்தி எப்படித் தெரியும்? மூக்கை நுழைப்பது என் பிறவிக் குணம். அடுத்த நாள் காலையில் அவருடைய குவார்ட்டர்ஸுக்கே போய், அவர் மனைவி செல்வியோடு சமையலறையில் உட்கார்ந்துகொண்டேன்.

வந்தவர்கள் எல்லாருமே நல்லவர்கள். "அண்ணன் தூங்குறாரா? எழுப்பாதம்மா, சும்மாதான் வந்தேன்" என்று பிளாக்குக்கே கேட்கும்படி சொன்னார்கள். உடனே உள்ளேயிருந்து லுங்கியை இறுக்கிக்கொண்டு கலியமூர்த்தி வந்துவிடுவார். வீடு தேடி வந்தவர் முன்னால் படுத்துக் கிடப்பது மரியாதையில்லையாம்.

"ஆம்பள பகல்ல வூட்ல இருந்தா லீவுன்னு நெனச்சிக்கிறாங்க. எத்தினி பேருக்கு சொல்லிக்கினு இருக்கறது?" என்றார் செல்வி.

வழியையும் அவரே கண்டுபிடித்தார். வாசல் கதவுக்கு வெளியே பூட்டைத் தொங்கவிட்டு, பின்கதவு வழியாகப் புழங்கினார். மூன்றாம் நாளே முத்தாண்டிக்குப்பத்திலிருந்து செல்வியின் தம்பி வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த பலாப்பழத்தைப் படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் அதைப் பார்த்த கலியமூர்த்திக்கு மனசு கேட்கவில்லை. "மச்சான் வாசல்ல நின்னுட்டுப் போயிருக்கான். பூட்ட எடு" என்றாராம்.

"டோசர் வேணுமா, மச்சான் வேணுமா? என் தம்பிக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றாராம் செல்வி. பூட்டு அப்படியே தொங்கியது.

டாக்டரிடம் மறுபடி வந்தபோது இருவரும் சேர்ந்து வந்தார்கள். நான் முந்திக்கொண்டேன்: "நேத்து மீன்காரம்மா என்ன கொண்டாந்தாங்க?"

கலியமூர்த்தி ரொம்ப நேரம் யோசித்தார். மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பரீட்சையில் தோற்றவர் போல முகம் வாடிவிட்டது.

"தெரியலைங்க சிஸ்டர். வந்துச்சா என்ன?"

நான் எல்லாம் முன்பே சொல்லியிருந்ததால் டாக்டர் சிரித்தபடி பேனாவை எடுத்தார்.

புதிதாக வரும் நர்ஸ்களுக்கு நான் சொல்வது இதுதான்: எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேட்காதீர்கள். நேற்றுத் தெருவில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.